பன்னிரண்டு நாள் போதுமா? ஒக்கூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே கால் ஊன்றியது. அன்றைக்கு நாடே கைதட்டியது. அடுத்த பத்து நாளும் பிரக்யான் ரோவர் எவ்வளவு தூரம் நகர்ந்தது, என்ன படம் அனுப்பியது என்று செய்தி வந்தபடி இருந்தது. செப்டம்பர் 4 அன்று விக்ரமை உறங்க வைத்துவிட்டதாக இஸ்ரோ அறிவித்தது. செப்டம்பர் 22 அன்று எழுப்பிப் பார்த்தார்கள்; பதில் வரவில்லை. தரையிறங்கிய செய்தி முதல் பக்கம் முழுக்க வந்தது. எழும்பாத செய்தியோ ஓரத்தில் நாலு வரியாகப் போய்விட்டது.

அதனால் பலர் மனதில் ஒரு குறை அப்படியே நிற்கிறது. அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போன கருவி பன்னிரண்டே நாளில் அடங்கிவிட்டதே, இது வெற்றிதானா என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள், வகுப்பறையிலும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ‘அங்கே ரொம்பக் குளிர், அதனால் பழுதாகிவிட்டது’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அது போதாது. காரணம், இந்தக் கேள்வியின் அடுத்த பாதி உங்கள் சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே, காரைக்குடியில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நிலவில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த சூரிய உதயத்துக்கும் இடையே நம் கணக்கில் இருபத்தொன்பதரை நாள். ஏறக்குறைய பதினாலு நாள் பகல், பதினாலு நாள் இரவு. ஆகஸ்ட் 23 என்ற தேதி சும்மா குறித்ததல்ல. விக்ரம் இறங்க வேண்டிய இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. ஒரு முழுப் பகலையும் வேலைக்குப் பயன்படுத்த வேண்டுமானால் விடியலில் இறங்கியாக வேண்டும். விக்ரமின் சூரியத் தகடுகள் 738 வாட் மின்சாரம் தரும். பிரக்யானுடையவை 50 வாட். அந்த மின்சாரத்தில்தான் எல்லாக் கருவியும் ஓட வேண்டும், படம் அனுப்ப வேண்டும், பேட்டரியும் நிரம்ப வேண்டும். பொழுது சாய்ந்தால் இவை எதுவும் நடக்காது. ஆகவே விக்ரமுக்கு வரைபடத்திலேயே குறித்த ஆயுள் ஒரு நிலவுப் பகல். அந்த ஆயுளை அது ஏறக்குறைய முழுசாக வாழ்ந்தது. அதற்கு மேல் கிடைத்திருந்தால் போனஸ் என்றே விஞ்ஞானிகள் முன்கூட்டியே சொல்லி வந்தார்கள்.

சரி, இரவில் அப்படி என்னதான் நடக்கிறது?

நிலவில் வெப்பத்தைப் பிடித்து வைக்கக் காற்று மண்டலம் கிடையாது. சூரியன் மறைந்ததும் தரையின் சூடு நேராக விண்வெளிக்குப் போய்விடும். விக்ரம் இறங்கிய பகுதியில் இரவு வெப்பநிலை மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே போகும். நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங்’இ-4 லேண்டர் அங்கே மைனஸ் 190 டிகிரி வரை அளந்து சொல்லியிருக்கிறது. அந்தக் குளிர் முதலில் தாக்குவது பேட்டரியை. லித்தியம் அயனி பேட்டரிக்குள் அயனிகள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய்வர ஒரு திரவம் இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியைத் தாண்டினாலே அதில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிவிடும். இன்னும் குளிர்ந்தால் திரவமே உறைந்துபோகும். குளிர்ந்து கிடக்கும் பேட்டரிக்கு விடிந்தவுடன் அவசரமாக மின்னேற்றினால் இன்னொரு வம்பு: கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம், நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பிறகு உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம்.

மின்னணுப் பலகைகளின் கதை வேறு. தாமிரம், சிலிக்கன், பிளாஸ்டிக், ஈயப்பற்று எல்லாம் குளிரில் சுருங்கும். ஆனால் ஒரே அளவில் சுருங்காது. ஒன்று கூடுதலாகச் சுருங்கி இன்னொன்றை இழுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பற்று விட்டுப்போனால் போதும், ஒரு கருவியே ஊமையாகிவிடும். விக்ரமில் எது விட்டுப்போனது என்று போய்ப் பார்க்க யாராலும் முடியாது.

இதற்கு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தின் லூனோகோட்-1 ரோவர் 1970 நவம்பர் 17 அன்று நிலவில் இறங்கியது. தொட்டி போன்ற உடலும் எட்டுச் சக்கரமும் மேலே ஒரு மூடியும் கொண்ட வண்டி அது. பகலில் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தில் பதித்த சூரியத் தகடுகளால் மின்சாரம் எடுக்கும். பொழுது சாய்ந்ததும் மூடிக்கொள்ளும். உள்ளே பொலோனியம்-210 என்ற கதிரியக்கத் தனிமம் தானாகவே சிதைந்து சூடு தந்துகொண்டிருக்கும்; இரவெல்லாம் அந்தச் சூட்டில் கிடக்கும். மூன்று நிலவுப் பகலுக்குத் திட்டமிட்ட வண்டி, 1971 செப்டம்பர் வரை பத்து மாதம் உழைத்தது. பத்தரை கிலோமீட்டர் ஓடியது. 2019இல் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் யூட்டு-2 ரோவர் வருடக்கணக்கில் ஓடியதற்கும் கதிரியக்க வெப்பமூட்டிகள் முக்கியக் காரணம்.

அப்படியானால் நாம் ஏன் அதை வைக்கவில்லை? எடைதான் தடை. விக்ரமும் அதன் வயிற்றில் இருந்த பிரக்யானும் சேர்ந்து 1,752 கிலோ. இதில் 26 கிலோதான் பிரக்யான். நிலவில் பாராசூட் விரியக் காற்று கிடையாது. கடைசி அடி வரை எஞ்சினை எரித்தே வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். கூடுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் கூட வேண்டும். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் லேண்டர் கடைசி நிமிடங்களில் கட்டுப்பாட்டை இழந்து மோதியதை நினைத்துப் பாருங்கள். அந்த அடியை வாங்கிய அணிக்கு, இரண்டாம் முறை இருந்த ஒரே பெரிய வேலை பத்திரமாக இறங்குவது. கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், சூரியத் தகட்டைப் பெரிதாக்கினார்கள். இரவைத் தாண்டும் கருவிக்கு இடம் ஒதுக்கவில்லை. விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகனான திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேலும் அவருடைய அணியும் எடுத்த இந்த முடிவு முற்றிலும் சரியானது. இறங்காத லேண்டர் எத்தனை இரவைத் தாங்கும் திறனோடு இருந்து என்ன பயன்?

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விக்ரமைச் சுமந்து சென்று நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த உந்துகலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த இரண்டு கதிரியக்க வெப்பமூட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாட் அளவுக்குச் சூடு தரக்கூடியவை. சோதனை முயற்சியாக வைத்திருந்தார்கள். அவை ஒழுங்காக வேலை செய்தன. அதாவது நம்மவர்கள் இரவைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிடவில்லை.

பன்னிரண்டு நாளில் விக்ரம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் ‘சாஸ்ட்’ என்ற கருவி, பத்து வெப்ப உணரிகள் பதித்த ஒரு கம்பியை நிலவு மண்ணுக்குள் மெல்ல இறக்கியது. மேல்தரையில் 50 டிகிரிக்கு மேல் வெப்பம். 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. சித்திரை வெயிலில் உங்கள் ஊர் வீட்டு முற்றத்தில் கால் வைக்க முடியாமல் துடிக்கும்போது, நாலு விரற்கடைக்குக் கீழே தோண்டினால் பனிக்கட்டி இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவு மண் அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி. அந்தத் தென்பகுதி மண்ணுக்குள் நேரடியாகக் கம்பி இறக்கி அளந்தது உலகில் அதுவே முதல்முறை. பிரக்யானின் லேசர் கருவி மண்ணைச் சுட்டு ஆவியாக்கி, அந்த ஒளியிலிருந்து கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. ரோவர் மொத்தம் நூறு மீட்டருக்குச் சற்றே கூடுதலாக நகர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விட துணிச்சலான வேலை கடைசியில் நடந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி விக்ரமின் எஞ்சின்களை மறுபடி இயக்கினார்கள். அது தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, முப்பது நாற்பது சென்டிமீட்டர் தள்ளி மறுபடி பத்திரமாக உட்கார்ந்தது. அதற்கு முன்னால் சாய்தளத்தையும் மண்ணில் இறக்கிய கருவிகளையும் மடித்து உள்ளே வைத்தார்கள்; பின்னால் மறுபடி விரித்து அளந்தார்கள். நாளைக்கு நிலவு மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பப் போகும் சந்திரயான்-4க்கு இது ஒரு முதல் ஒத்திகை. சாகப்போகிற கருவியிடம் கடைசிச் சொட்டு எரிபொருள்வரை வேலை வாங்கியவர்களைப் பாராட்ட வேண்டாமா?

பிறகு உறங்க வைத்த விதம். ரோவரை செப்டம்பர் 2ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தது. அடுத்த விடியலின் வெளிச்சம் முதலில் விழும் திசையைப் பார்த்து சூரியத் தகடு நின்றது. எல்லாக் கருவியையும் அணைத்துவிட்டு, ரேடியோ வாங்கியை மட்டும் திறந்து வைத்தார்கள். பூமியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற காது மட்டும் மூடாமல் இருந்தது. செப்டம்பர் 22இல் கூப்பிட்டபோது அந்தக் காதுக்கும் உயிர் இல்லை.

ஜப்பானுக்கு இதே ஆட்டத்தில் வேறு விதமாகக் காய் விழுந்தது. 2024 ஜனவரி 20 அன்று அவர்களுடைய ‘ஸ்லிம்’ லேண்டர் இறங்கும்போது ஒரு எஞ்சின் பழுதாகி, மூக்குக் குத்தி நின்றுவிட்டது. சூரியத் தகடு மேற்கே பார்த்தபடி இருந்ததால் மின்சாரமே வரவில்லை. சில நாளில் சூரியன் மேற்குப் பக்கம் வந்ததும் உயிர் வந்தது. அதுவும் இரவைத் தாங்கக் கட்டியதல்ல. ஆனால் பிப்ரவரியில் எழுந்தது, மார்ச்சில் எழுந்தது, ஏப்ரலில் மறுபடி எழுந்தது. மூன்று இரவுகள்! அது இறங்கிய இடம் நிலநடுக்கோட்டுக்கு அருகே. விக்ரம் இறங்கியது தெற்கே 69 டிகிரி தாண்டி. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும், எழாது என்று முடிவு கட்டிவிட்டுக் கூப்பிடாமல் இருப்பது தவறு என்பதை ஸ்லிம் காட்டிவிட்டது.

இதைவிடக் குறைந்த ஆயுளுக்குத் திட்டமிட்ட ஓர் ஆய்வியைப் பார்க்க, நம் நிலவை விட்டு வெகு தூரத்தில் இருக்கும் ஒரு நிலவுக்கு இப்போது போவோம். சனிக் கோளின் பெரிய துணைக்கோள் டைட்டன். இங்கிருந்து சுமார் 120 கோடி கிலோமீட்டர். 1997 அக்டோபரில் காசினி விண்கலத்தின் விலாவில் ஒட்டிக்கொண்டு கிளம்பிய ஐரோப்பாவின் ஹைகன்ஸ் ஆய்வி, ஏழு வருடம் பயணம் செய்து 2004 டிசம்பர் 25 அன்று தாய்க்கலத்தை விட்டுப் பிரிந்தது. பிறகு மூன்று வாரம், ஒரு கடிகாரம் தவிர எல்லாம் அணைந்த நிலையில் தனியாக மிதந்தது. 2005 ஜனவரி 14, இங்கே நாம் பொங்கல் வைத்த நாள். அன்று டைட்டனின் காற்று மண்டலத்துக்குள் நுழைந்தது. பாராசூட்டில் இறங்க 2 மணி 27 நிமிடம்.

ஹைகன்ஸைக் கட்டியது காற்று மண்டலத்தை ஆராய. தரையைத் தொட்டபின் மூன்று நிமிடம் பேசினாலே போதும் என்பதுதான் எதிர்பார்ப்பு. சூரியத் தகடு கிடையாது. இருந்தாலும் அந்த மூடுபனிக்கு அடியில் பயன்படாது. பேட்டரி மட்டும்தான். மைனஸ் 179 டிகிரிக் குளிரில், நம் காற்றைவிட ஒன்றரை மடங்கு அழுத்தமுள்ள நைட்ரஜன் காற்றுக்கு நடுவே, உருண்டு தேய்ந்த பனிக்கட்டிக் கூழாங்கற்கள் கிடந்த ஈரத் தரையில் அது உட்கார்ந்துகொண்டு பேசியது. காசினிக்கு 72 நிமிடம் தகவல் வந்தது. அதன்பின் நின்றது. ஏன் நின்றது தெரியுமா? ஹைகன்ஸ் செத்துப்போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த காசினி தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகும் ஹைகன்ஸின் ரேடியோ அலையை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி பிடித்துக்கொண்டிருந்தது.

இதில் வயிற்றெரிச்சல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. ஹைகன்ஸ் இரண்டு அலைவரிசையில் பேசியது. அதில் ஒன்றைக் கேட்கும் வாங்கியைத் திறக்கச் சொல்லும் கட்டளை, காசினிக்கு அனுப்பிய பட்டியலில் விடுபட்டுப்போனது. ஏழு வருடம் பயணம் செய்து எடுத்த படங்களில் பாதி, யாரும் கேட்காமல் காற்றோடு போனது; சுமார் 350 படங்களே மிஞ்சின. அந்த அலைவரிசையை நம்பியிருந்த காற்று வேக ஆய்வை மட்டும் பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் காப்பாற்றிக் கொடுத்தன. ஆக, ஒரு ஆய்வி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று கேட்கும்போது, பேட்டரியைப் போலவே அதைக் கேட்க நிற்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் நிலவுக்குத் திரும்புவோம். விக்ரமில் இன்னும் கெடாத ஒரு பொருள் இருக்கிறது. நாசா கொடுத்தனுப்பிய லேசர் எதிரொளிப்பான். ஐந்து சென்டிமீட்டர் அகலம், இருபது கிராம் எடை, கவிழ்த்த கிண்ணம் போன்ற அலுமினியச் சட்டத்தில் எட்டு குவார்ட்ஸ் பட்டகங்கள். மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். 2023 டிசம்பர் 12 அன்று, நிலவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசர் அடித்தது. விக்ரமிலிருந்து ஒளி திரும்பி வந்தது. இனி அங்கே இறங்கப் போகிறவர்களுக்கு அது ஒரு எல்லைக்கல்லாக வருடக்கணக்கில் பயன்படும்.

இந்தப் பயணத்தில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் பங்குண்டு. உருவகமாகச் சொல்லவில்லை, மண்ணேதான். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் இருக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் அதைக் கண்டு சொல்ல, பொடியாக்கிய மண் சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. லேண்டரையும் ரோவரையும் அந்த மண்ணில்தான் சோதித்தார்கள்.

சிவகங்கை மாவட்டத்தின் பங்கு இனிமேல் வர வேண்டியது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ‘செக்ரி’ என்றால்தான் பலருக்குப் புரியும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி ஆராய்ச்சி அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. நிலவு இரவைத் தாண்டுவது எப்படி என்ற கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி வருவது இதுதான்: குளிரில் உறையாத திரவம் எது, உறைந்து எழுந்தாலும் கெடாத மின்முனை எது, எடை குறைவாக மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி. ராக்கெட் என்றால் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போக வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு ஒக்கூரிலிருந்து பஸ் ஏறினால் போதும். அந்த வளாகத்திலேயே வேதிப் பொறியியலும் மின்வேதிப் பொறியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பும் நடக்கிறது.

அவசரமும் இருக்கிறது. ஜப்பானோடு சேர்ந்து நடத்தும் சந்திரயான்-5க்கு 2025இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ரோவர் ஜப்பானுடையது, லேண்டர் நம்முடையது. பிரக்யானைவிடப் பல மடங்கு கனமான ரோவர். தென்துருவத்தில் தண்ணீர் தேடி மூன்று மாதத்துக்கு மேல் உழைக்க வேண்டும் என்பது திட்டம். இந்த முறை இரவு என்பது போனஸ் கணக்கில் வராது. தாண்டியே ஆக வேண்டும். அதற்கடுத்து, மனிதரை நிலவுக்கு அனுப்பும் காலம் வரும்போது இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். சங்கப் புலவர் மாசாத்தியார் தன் பெயரோடு சேர்த்துச் சுமக்கும் ஊர் ஒக்கூர். அந்த ஊரின் பெண்பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் பேட்டரியைச் செய்யலாம் என்று எழுதுவதில் மிகை எதுவும் இல்லை. செங்கோட்டையில் பள்ளிக்கூடம் போன நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்தார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 23 இப்போது தேசிய விண்வெளி தினம். அன்றைக்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி நடத்துகிறீர்கள், நல்லது. கூடவே ஒரு சாதாரண சோதனையும் செய்யுங்கள். ஒரே மாதிரியான இரண்டு பென்சில் பேட்டரிகளில் ஒன்றை ஓர் இரவு ஃப்ரீஸரில் வைத்து, மறுநாள் இரண்டையும் ஒரே மாதிரி டார்ச் பல்பில் மாட்டி, எது மங்கலாக எரிகிறது என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். வெறும் மைனஸ் 18 டிகிரிக்கே என்ன ஆகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். செப்டம்பர் 26, செக்ரியை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் நிறுவன நாள், அதையொட்டி அதன் ஆய்வகங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். காரைக்குடிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு பஸ் பேசி, பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

பிள்ளைகளே, அங்கே போனால் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ‘மைனஸ் 180 டிகிரியில் பதினாலு நாள் கிடந்துவிட்டு மறுபடி மின்னேறும் பேட்டரி செய்ய முடியுமா? முடியாவிட்டால் எங்கே தடைபடுகிறது?’ இந்த இரண்டு கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.